என் கொல்லையில் நீ புதைத்த இரும்பு

நேற்று மாலை குரோம்பேட்டைக்குப் போயிருந்தேன், வெளுக்கக் கொடுத்திருந்த பட்டுப்புடவையை வாங்கிவர. டிரை கிளீனிங் கடைப் பெண் உள்ளறைக் கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்து முகத்தில் அடித்தது. இனிப்பான வாசனை. மூக்கில் நுழையும்போது சுகமாகத்தான் இருக்கும். நெற்றிக்கு ஏறிய பிறகுதான் அது என்னவென்று தெரியும். நான் கவுண்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா மேடம், தலை சுத்துதா? ஃபேன் கீழ உக்காருங்க."

"ஒண்ணுமில்லம்மா. எனக்குப் பழக்கமான வாசனைதான்."

பொய் சொல்லவில்லை. துணி வெளுக்கிற அந்தத் திரவம் உங்கள் கம்பெனியில் எண்ணெய்ப் பிசுக்குக் கழுவி ஊற்றிய 'ட்ரை' இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே குடும்பம், வாசனையில் அந்த ஜாடை உண்டு. ஏழெட்டு வருடம் என் கிணற்றிலிருந்து எழும்பிய வாசனை அது. அதை அங்கே அனுப்பிவைத்தவள் நீ.

நீ இறந்து ஒன்றரை மாதம் ஆகிறது. கோயம்புத்தூரிலிருந்து உன் தம்பி ஃபோன் செய்து சொன்னான். "டிக்கெட் எடுத்துடட்டுமா?" என்று என் கணவர் தாமஸ் கேட்டார். வேண்டாம் என்றேன். உனக்கு ஈரல் கெட்டுப்போயிருந்ததாம். இத்தனை வருடம் அந்த ஆவியைச் சுவாசித்ததால்தான் என்று உன் தம்பி அழுதான். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆனால் அதைச் சொல்லி உன்னைத் தியாகியாக்கும் வேலைக்கு நான் வரமாட்டேன். மற்றவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள்.

கல்லூரியில் மூன்று வருடம் ஒரே மேசையில் நின்றோம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறும்போதே எனக்கும் சேர்த்து இடம் பிடித்துவைத்திருப்பாய். ஆய்வகத்தில் நாங்களெல்லாம் நான்கைந்து தடவை முயன்று தவறவிடுகிற, நிறம் மாற்றும் அந்த ஒற்றைத் துளியை நீ முதல் தடவையிலேயே பிடித்துவிடுவாய். பியூரெட் என்கிற அளவுக்குழாயின் திருகை நீ மூடும்போது குடுவையில் இளஞ்சிவப்பு வந்தும் வராததுமாக நிற்கும். எனக்குப் பொறாமையாக இருக்கும். அதைவிட அதிகமாகப் பெருமையாக இருக்கும். இதையும் எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதுவது பாதிப் பொய்யாகிவிடும்.

நான் பள்ளிக்கூட டீச்சரானேன். நீ மாடம்பாக்கம் சாலைப் பக்கம் தையல் இயந்திரப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் கெமிஸ்ட் ஆனாய். அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்ட முதல் பெண் நீதான். நானும் தாமஸும் அப்போது குரோம்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பக்கத்திலிருந்து வந்த மஞ்சள் தண்ணீர் எங்கள் கிணற்றில் நின்றது. துணி துவைத்தால் துணியும் மஞ்சளாகும். ஒருநாள் நீ வந்து சொன்னாய்: "எங்க கம்பெனி காம்பவுண்டுக்குப் பின்னாடி மனை போடுறாங்கடி. தண்ணி கல்கண்டு. யோசிக்காம வாங்கிப் போடு."

வாங்கினோம். மதிலை ஒட்டிய முதல் மனை. எண்பத்தைந்தில் வீடு கட்டிக் குடிபோனோம். தண்ணீர் நீ சொன்ன மாதிரியே இருந்தது. சனிக்கிழமைகளில் வேலை முடிந்து நேராக வருவாய். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பாய், அண்ணாந்து ஒரே மூச்சில் குடிப்பாய்.

தெருக்கோடியில் கன்னியம்மாவின் வீடு. மனை போடுவதற்கு முன்பிருந்தே அங்கே இருந்த குடும்பம் அது. கன்னியம்மா சித்தாள் வேலைக்குப் போவாள், அவள் புருஷன் ஏழுமலை கிணறு வெட்டுவார். எங்கள் கிணற்றையும் அவர்தான் வெட்டினார். பதினெட்டு அடியில் பாறை தட்டியதும் மேலே ஏறி வந்து, "போதும் டீச்சர், இதுக்கு மேல கடப்பாறை எறங்காது. ஊத்து இந்த மட்டத்துல நல்லாக் கீது" என்றார்.

எண்பத்தெட்டுக் கோடையில் கிணற்று நீர் அடிமட்டத்துக்கு இறங்கியது. ஒருநாள் காலை உலை வைத்தேன். அரிசி போடுவதற்கு முன்னாலேயே பானையிலிருந்து இனிப்பாக ஏதோ ஆவி எழுந்தது. என்னவோ ஏதோ என்று விட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே கன்னியம்மா வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா டீச்சர் இது, தண்ணில செண்ட்டு கொட்ன மாரி வாசன வருது? குடிச்சா தல கிர்ருங்குது. உங்க வூட்லயும் அப்டித்தானா?"

ஒரு பாட்டிலில் தண்ணீரை எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்தேன். வேறு யாரிடம் போவேன்? எனக்குத் தெரிந்த கெமிஸ்ட் நீதான். கம்பெனி வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றோம். நீ மூடியைத் திறந்து ஒரு தடவை முகர்ந்தாய். ஒரே தடவைதான். உடனே மூடினாய்.

"உன் செப்டிக் டேங்குக்கும் கிணத்துக்கும் எத்தன அடிடி?"

"முப்பது இருக்கும்."

"அதான். அது கசியுது. தெருவுல எல்லாருக்கும் சொல்லு, தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சுக் குடிக்கட்டும். கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் போடு. சரியாயிடும்."

நீ சொன்னால் வேதவாக்கு. வீடு வீடாகப் போனேன். இருபது வீட்டுக் கதவைத் தட்டி, நன்றாகக் கொதிக்க வையுங்கள், கொதி வந்த பிறகும் பத்து நிமிடம் விடுங்கள் என்று சொன்னேன். டீச்சர் சொல்கிறார் என்று எல்லாரும் கேட்டார்கள். அந்தத் திரவம் தண்ணீருக்கு முன்னாலேயே ஆவியாகிவிடும், அடுப்படியைச் சாத்திக்கொண்டு கொதிக்க வைத்தால் குடிப்பதைவிட அதிகமாக மூச்சில் ஏறும் என்பது எனக்கு அப்போது தெரியாது. உனக்குத் தெரியும்.

ஒன்பதாம் நாள். ஸ்டவ் காற்றில் அணைகிறது என்று கன்னியம்மா அடுப்படி ஜன்னலைச் சாத்திவிட்டு, பெரிய அலுமினியப் பானையில் தண்ணீர் கொதிக்க வைத்திருக்கிறாள். பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்திருக்கிறாள். தலை சுற்றி எழுந்தவள் பானையின் மேலேயே சாய்ந்துவிட்டாள். ஏழுமலை ஓடிவந்து என்னைக் கூப்பிட்டபோது அவளுடைய வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வழன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவள் அழவில்லை. "நீங்க சொன்ன மாரிதான் டீச்சர் கொதிக்க வெச்சேன், பத்து நிமிஷம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் கயிற்றில் கல்லைக் கட்டி ஒரு பாட்டிலைக் கிணற்றின் அடித்தரை வரை விட்டு எடுத்தேன். கொஞ்ச நேரம் அசையாமல் வைத்ததும் தண்ணீருக்கு அடியில் கண்ணாடி மணி போலச் சில துளிகள் உருண்டு நின்றன. செப்டிக் டேங்கிலிருந்து அப்படி எதுவும் வராது. பள்ளிக்கூட ஆய்வகத்தின் ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்து, செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு துளியில் தொட்டு மறுபடியும் தீயில் காட்டினேன். சுடர் பச்சையாக எரிந்தது. கம்பியைத் தீயில் காட்டினால் குளோரின் இருக்கிற பொருளுக்குச் சுடர் பச்சையாகும் என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். நான் அந்தச் சுடரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உங்கள் கம்பெனியில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுகிற டிரைகுளோரோஎத்திலீன் பற்றி, அதுதான் அந்த 'ட்ரை', நீதான் எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். தண்ணீரைவிடக் கனமானது என்றும் நீதான் சொன்னாய்.

அன்று இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்தால் முதலில் தண்ணீர் கேட்கிறவள், இரண்டு வருடமாக என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. காபி வேண்டாம், வயிறு சரியில்லை என்பாய். தாகமில்லை என்பாய். பையில் பாட்டில் வைத்திருப்பாய். நான் அதையெல்லாம் கவனித்தும் கவனிக்காதவளாக இருந்திருக்கிறேன்.

அந்தச் சாயங்காலமே உன் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா உள்ளே பூஜையில் இருந்தார். நீ என்னை மொட்டைமாடிக்கு அழைத்துப்போனாய். நான் பாட்டிலைக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். நீ அதைப் பார்க்கவே இல்லை.

"உள்ள ஒரு பழைய பாசனக் கிணறு இருந்துச்சு. வயலா இருந்தப்ப வெட்டினது, சும்மாதான் கெடந்துச்சு. பழைய ட்ரைய டிரம்முல வச்சிருந்தா தீப்பிடிக்குமோன்னு ஆளுங்க பயந்தாங்க. என்ன பண்ணலாம்னு என்கிட்ட கேட்டாங்க. அதுல ஊத்துங்க, ஆவியாயிடும்னு எழுதிக் குடுத்தேன்."

"நீயா எழுதிக் குடுத்த?"

"ஆவியாயிடும்னுதான் நெனச்சேன்."

"அப்புறம் ஏன் என் வீட்டுல தண்ணி குடிக்கறத நிறுத்தின?"

நீ திரும்பித் தெருவைப் பார்த்தாய். தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. 

"கன்னியம்மா கை வெந்து போச்சுடி" என்றேன்.

"நான் கொதிக்க வைக்கச் சொன்னது... அந்த நேரத்துல வேற என்ன சொல்றதுன்னு தெரியல. எஸ்தர், கேளு. இது நான்தான்னு வெளிய தெரிஞ்சா என்னை அனுப்பிடுவாங்க. நான் போயிட்டா உள்ள அத நிறுத்தறதுக்கு ஆளே கெடையாது. எனக்குக் கொஞ்சம் டைம் குடு. நான் நிறுத்தறேன்."

நிறுத்தினாய். அதுவரை உண்மை. அதற்குப் பிறகு கிணற்றில் புதிதாக எதுவும் ஊற்றவில்லை. ஆனால் பாறைமேல் ஏற்கெனவே போய்ப் படிந்தது அங்கேயே கிடந்து, தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து, மதிலுக்கு அடியில் நுழைந்து எங்கள் பக்கம் வந்துகொண்டே இருந்தது. நாங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து மனுக் கொடுத்தோம். விசாரிக்க அரசு அதிகாரி ஒருவர் வந்தார், கம்பெனிக்குள் போய்க் காபி குடித்துவிட்டுத் திரும்பினார். சில வாரம் கழித்துக் கம்பெனி ஆய்வகத்தின் அறிக்கை ஒன்று தபாலில் வந்தது. தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்றிருந்தது. தெருக்காரர்கள் அந்த ஆங்கிலத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அடியில் கையெழுத்து. மூன்று வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டில் போட்ட அதே சாய்ந்த கையெழுத்து.

"யார் போட்டது டீச்சர்?" என்று ஒருவர் கேட்டார்.

"யாரோ கெமிஸ்ட்" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தைக்கு நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏன் அப்படிச் சொன்னேன்? உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், கொதிக்க வைக்கச் சொல்லிக் கதவு கதவாகத் தட்டியவள் நான் என்பதால்தான். உன் பெயர் வெளியே வந்தால் என் பெயரும் பின்னாலேயே வரும்.

வாசனை போகாததால் கிணறுகளை மூடினோம். ஏழு வருடம் குடம் தூக்கினோம். லாரி வருகிற நாளில் வகுப்பை விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறேன். தழும்பேறிய கையால் கன்னியம்மாவுக்கு இடுப்பில் குடம் நிற்கவில்லை. இடதுபக்கம் மாற்றிக்கொண்டாள். நீ அந்த வருடங்களில் தெருப்பக்கமே வரவில்லை.

தொண்ணூற்று நான்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் சர்ச்சிலிருந்து திரும்பும்போது வீட்டு வாசலில் நீ நின்றிருந்தாய். கையில் ஒரு துணிப்பை. உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. தாமஸ்தான் சொன்னார். நீ மேசைமேல் இரண்டு ஊறுகாய் பாட்டில்களை எடுத்து வைத்தாய். இரண்டிலும் தண்ணீர். ஒன்றில் மட்டும் அடியில் கறுப்பாக லேத் சுருள், கடைசல் பட்டறையில் இரும்பைக் கடையும்போது விழுகிற தூளும் சுருளும்.

"ரெண்டுலயும் ஒரே அளவு ட்ரை போட்டேன். மூணு வாரம் ஆச்சு. மோந்து பாரு."

ஒன்று வாசனையடித்தது. இரும்பு கிடந்ததில் துருவாசனை மட்டும்தான்.

கிண்டியில் ஒரு நூலகத்தில் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் படித்தாயாம். நீ பேசப் பேச, எனக்குப் பழைய ஆய்வக மேசை ஞாபகம் வந்து எரிச்சலாக இருந்தது. இரும்பு தண்ணீரில் துருப்பிடிக்கும், அந்தத் துருப்பிடிக்கிற வேலையிலேயே ட்ரையிலிருந்து குளோரின் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும், மிஞ்சுவது உப்பும் கொஞ்சம் வாயுவும் என்றாய். "தண்ணிய இறைச்சு இன்னொரு எடத்துல கொண்டுபோய்க் கொட்டறதில்லடி. இருக்கற எடத்துலயே அத ஒண்ணுமில்லாம ஆக்கறது. தண்ணி தானா ஓடிவரும், இரும்பு வழியாத்தான் போயாகணும்."

அதற்கு மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். பாறை தட்டுகிற வரைக்கும். கொல்லையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. அதாவது என் கொல்லையில். என் முருங்கைமரம், என் துணி துவைக்கும் கல், எல்லாம் போக வேண்டும்.

"உங்க கம்பெனிக்குள்ள வெட்டிக்க" என்றேன்.

"விட மாட்டேங்கறாங்க. கிணத்தடியில இருக்கறத வாரி எடுக்க மட்டும் சம்மதிக்க வச்சிருக்கேன். அதுவே பெரும்பாடு."

நான் ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன், நினைவிருக்கிறதா? "கன்னியம்மாகிட்ட நீயே உன் வாயால சொல்லணும். கிணத்துல ஊத்தச் சொன்னது யாரு, கொதிக்க வைக்கச் சொன்னது யாரு, எல்லாம்." நீ தலையசைத்தாய். "தண்ணி சரியாகட்டும். அன்னிக்கே சொல்றேன். சத்தியமா."

பள்ளத்தை ஏழுமலைதான் வெட்டினார், நான்கு ஆட்களை வைத்துக்கொண்டு, கோடையில் நீர் இறங்கியிருந்த நேரத்தில். மண் சரியாமல் இருக்கச் சவுக்குக் கழிகளை முட்டுக்கொடுத்து, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நீ தேடிப்பிடித்து வாங்கிவந்த பழைய கப்பியைக் கட்டி, கூடை கூடையாக மண்ணை ஏற்றினார்கள். லேத் சுருளை மூட்டை மூட்டையாகப் பட்டறைகளிலிருந்து கொண்டுவந்தாய். அதிலிருந்த எண்ணெயைச் சலவைச் சோடா போட்டு நீயே கழுவினாய், வெயிலில் குந்தி உட்கார்ந்து, கையெல்லாம் கீறிக்கொண்டு. மணலும் இரும்பும் கலந்து பள்ளத்தை நிரப்பினார்கள். ஏழுமலை வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"இன்னாம்மா இது, இரும்பப் பொதச்சா தண்ணி சரியாய்டுமா? கேட்டா நம்ம ஜனமே சிரிக்கும்."

"சரியாகும் அண்ணா. கொஞ்சம் பொறுங்க" என்றாய் நீ. அவரிடம் பேசும்போது உன் குரல் எவ்வளவு மென்மையாக இருந்தது! கன்னியம்மா எல்லாருக்கும் மோர் கொண்டுவந்தாள். அந்தக் கையால்தான் உனக்கும் டம்ளரை நீட்டினாள். நீ வாங்கிக் குடித்தாய்.

நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆமாம், என் கிணறு கெட்டே கிடந்தாலும் பரவாயில்லை, இவள் தோற்க வேண்டும் என்று, ஜெபம் சொல்லிப் பழகிய அதே வாயால் வேண்டிக்கொண்டேன்.

நீ தோற்கவில்லை. முதல் ஆறு மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மழைக்காலம் போனது. அடுத்த கோடையில் வாசனை குறைந்தது. அதற்கடுத்த பொங்கலுக்கு முன்னால் என் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து முகர்ந்தால் வெறும் தண்ணீர்தான். பட்டணத்தில் உனக்கோ எனக்கோ தெரியாத ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். உன்னை நம்பாததால் நானே பஸ் ஏறிப் போய்க் கொடுத்தேன். இருப்பதாகக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதி அனுப்பினார்கள். தெருக்கோடியில் கன்னியம்மா கிணற்றுக்குப் போட்டிருந்த பலகையைக் கோடரியால் பிளந்தாள்.

தெருச் சங்கம் பாராட்டுக்கூட்டம் வைத்தது. பந்தல், மைக், பொன்னாடை. உனக்கு மாலை போடுவது யார் என்று பேச்சு வந்தபோது எல்லாரும் ஒரே குரலில் கன்னியம்மா என்றார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இதோ, இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். கன்னியம்மா மேடையேறினாள். மாலையைத் தூக்கியபோது புடவைத் தலைப்பு நழுவி அந்தக் கை முழுக்கத் தெரிந்தது. நீ தலை குனிந்தாய். மாலையை வாங்கிக்கொண்டாய். மைக்கில், "எஸ்தர் இல்லன்னா இது நடந்திருக்காது" என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள். வேறு எதையும் நீ சொல்லவில்லை.

கூட்டம் கலைந்ததும் உன்னைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துப்போனேன்.

"எங்கடி உன் சத்தியம்?"

"எஸ்தர், அவங்க முகத்தப் பாரு. இவ்ளோ சந்தோஷமா இருக்காங்க. இப்பப் போய் எப்படிடி சொல்றது? சொல்லி யாருக்கு என்ன லாபம்?"

கழுத்தில் மாலையோடு அதைச் சொன்னாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு நீ கோயம்புத்தூர் போனாய். கெட்டுப்போன கிணறுகளைச் சரிசெய்து தருகிறவள் என்று பெயர் வாங்கினாய். பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவாய். நான் பிரித்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அதே சங்கம் உனக்கு இரங்கல் கூட்டம் நடத்தியது. உன் படத்துக்குப் பூ வைத்திருந்தார்கள். தோழி என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பழைய பாசனக் கிணற்றில் ஊற்றச் சொன்னது நீ என்றேன். கொதிக்க வைக்கச் சொன்னதும் நீ, குடிக்கத் தகுந்தது என்று கையெழுத்துப் போட்டதும் நீ என்றேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். பதினோரு வருடம் தொண்டையில் கிடந்ததைத் துப்பியதுபோல இருந்தது. சங்கச் செயலாளர் எழுந்து, "மேடம், எறந்தவங்களப் பத்தி இப்ப எதுக்கு..." என்று மைக்கை வாங்க வந்தார்.

"இரு சார். அவங்க பேசட்டும்."

கன்னியம்மா எழுந்து நின்றிருந்தாள். உன் படத்தை அவள் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"டீச்சர், இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

நான் கையிலிருந்த தாளை மடித்தேன்.

"என் கை வெந்துச்சே, அந்த வருஷமேவா?"

"ஆமா, கன்னியம்மா."

"அப்ப நான் மால போட்டப்ப, தெரிஞ்சுகினேதான் முன்னால குந்தினு இருந்தீங்களா?"

"ஆமா."

"நீங்களும் கை தட்னீங்க. நான் பாத்தேன்."

தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து இரண்டு தடவை அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டு தடவையும் ஏழுமலைதான் வெளியே வந்தார். "அது பேசமாட்டேன்னுது டீச்சர். வூட்டுக்குப் போங்க" என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீ செய்த வேலை நிஜமான வேலை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பொய்யாக இருந்திருந்தால் உன்னை வெறுப்பது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! நான் இன்றைக்கும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன், அதில்தான் சமைக்கிறேன். உன்னை நான் மன்னிக்கவில்லை. செத்துவிட்டாய் என்பதற்காக மன்னிக்கப்போவதும் இல்லை. எல்லாவற்றையும் உன் தலையில் இறக்கிவைத்துவிட்டுக் கைவீசி நடக்கலாம் என்று நினைத்துத்தான் அந்தக் கூட்டத்துக்குப் போனேன். உன் பங்கை வரி வரியாக எழுதிக்கொண்டு போனவள், என் பங்குக்கு ஒரு வரி எழுதவில்லை. அதை ஒரு கேள்வியில் கண்டுபிடித்துவிட்டாள் அவள்.

நான் ஏன் கை தட்டினேன் தெரியுமா? எல்லாரும் தட்டினார்கள் என்பதால் இல்லை. அந்த நிமிடம், பியூரெட்டின் கடைசித் துளியை நீ பிடித்ததைப் பார்த்து நின்ற பழைய எஸ்தராகிவிட்டேன். எனக்கு உன்மேல் பெருமையாக இருந்தது. வெந்த கை கண்ணுக்கு எதிரே இருக்க, எனக்குப் பெருமையாக இருந்தது.

நாளைக்கு மறுபடியும் தெருக்கோடிக்குப் போவேன். உன்னைப் பற்றிப் பேச இல்லை. உன் பெயரை எடுக்கவே மாட்டேன். யாரோ கெமிஸ்ட் என்று நான் சொன்னதையும், கை தட்டியதையும், ஏன் தட்டினேன் என்பதையும் கன்னியம்மாவின் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்ல வேண்டும். கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நின்று கதவுக்குச் சொல்வேன். உள்ளே அவள் கேட்பாள். கேட்ட பிறகு என்னை என்ன செய்வதென்பது அவள் பாடு.